எல்லாம் இருந்தும் மேத்யூ பெர்ரியால் ஏன் மீள முடியவில்லை? டிப்ரஷன், போதை இரண்டையும் புரிந்துகொள்ள உதவுங்கள்

நிலாமுற்றம் (கேள்வி):

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தூக்கம் வராத இரவுகளிலும் யாரிடமும் பேசப் பிடிக்காத நாட்களிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் படுப்பேன். சாண்ட்லர் வாயைத் திறந்தால் போதும், மனசு லேசாகிவிடும். அந்த சாண்ட்லராக நடித்த மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று 54 வயதில் இறந்துபோனார் என்று படித்தபோது வந்த அழுகை என்னையே ஆச்சரியப்படுத்தியது. நேரில் பார்த்திராத ஒருவருக்காக இவ்வளவு அழுவேன் என்று நினைத்ததில்லை.

அப்புறம் அவர் 2022இல் எழுதிய தன்வரலாற்றைப் படித்தேன், பேட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 55 வலி மாத்திரைகள் வரை போயிருக்கிறார். 2018இல் பெருங்குடல் வெடித்து இரண்டு வாரம் கோமாவில் கிடந்தார், பிழைக்க 2 சதவீதம்தான் வாய்ப்பு என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டார்களாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு மட்டும் சுமார் 90 லட்சம் டாலர் செலவழித்ததாக அவரே சொன்னார். இத்தனைக்குப் பிறகு எழுந்து வந்து, புத்தகம் எழுதி, இப்போது நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன மனிதர் அடுத்த வருடமே இல்லை. பணம், புகழ், உயிரையே கொடுக்கிற நண்பர்கள், நல்ல மருத்துவர்கள் எல்லாம் இருந்தும் ஏன்?

இன்னொன்றும் புரியவில்லை. பிரேதப் பரிசோதனையில் முதன்மைக் காரணமாகக் கெட்டமைன் என்ற மயக்க மருந்தைச் சொன்னார்கள். அதே கெட்டமைனைத்தான் டிப்ரஷனுக்குச் சிகிச்சையாகவும் எடுத்துக்கொண்டிருந்தாராம். மருந்தும் அதுவே, ஆளைக் கொன்றதும் அதுவே என்றால் எப்படி?

வெறும் ரசிகையாக மட்டும் இதைக் கேட்கவில்லை. என் அண்ணனும் எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன்தான். அம்மா போன பிறகு அவன் குடிப்பது கூடிக்கொண்டே போகிறது. இப்போதெல்லாம் ராத்திரியில் மட்டும் இல்லை. கேட்டால் ஒரு ஜோக் அடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். பெர்ரியைப் புரிந்துகொண்டால் இவனைக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாமோ என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து மனம் விட்டு எழுதுங்கள்.

கரையேறியவன்:

சகோதரி, நான் குடிநோயாளி. விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் குடியிலிருந்து மீள்பவர்களின் கூட்டங்களில் இன்றும் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். மருத்துவ விஷயங்களைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

எல்லாம் இருந்தும் ஏன் என்று கேட்கிறோம். வாழ்க்கையில் ஏதோ குறை, அதனால் குடிக்கிறார், குறை தீர்ந்தால் குடியும் நின்றுவிடும் என்ற கணக்கில்தான் அப்படிக் கேட்கிறோம். பெர்ரி தன் முதல் குடியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். 14 வயது. கூடக் குடித்த பையன்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இவர் புல்தரையில் மல்லாந்து கிடந்தபடி, பிறந்ததிலிருந்து முதல்முறையாக எதுவுமே தன்னைத் தொந்தரவு செய்யவில்லை என்று உணர்ந்தாராம். எனக்கும் அதுவேதான் நடந்தது. பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு இரைச்சல் நின்றது, அவ்வளவுதான். மற்றவர்களெல்லாம் எப்போதும் இப்படி நிம்மதியாகத்தான் இருக்கிறார்களா என்று அன்றைக்கு நினைத்தேன். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த நிம்மதி ஒரு புட்டியில் கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் புகழும் பணமும் வந்து என்ன மாற்றிவிடும், சொல்லுங்கள்.

ஆனால் அந்த நிம்மதி ரொம்ப நாள் கிடைக்காது. பிறகு குடிப்பதெல்லாம் குடிக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான். எனக்குக் காலையில் கை நடுங்கும். கையெழுத்துப் போட வேண்டிய நாளென்றால் இடது கையால் வலது மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன், அப்படியும் பேனா முனை காகிதத்தில் டொக் டொக் என்று தட்டும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று வியர்த்துப்போகும். இரண்டு மடக்கு உள்ளே போனால் கை நின்றுவிடும். அந்த நேரத்தில் எனக்குப் போதை ஏறவேண்டும் என்ற ஆசையே கிடையாது. எல்லோரையும் போல ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும்.

55 மாத்திரை என்று படிக்கும்போது நமக்கு எண்ணிக்கைதான் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த 55ஐத் தேடிப் பிடிப்பதே ஒரு முழுநேர வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளைப் பார்க்க வருபவர் போலப் போய், குளியலறை அலமாரியில் இருக்கிற மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எபிசோடுக்குப் பத்து லட்சம் டாலர் வரை சம்பளம் வாங்கிய மனிதர், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் நின்று மருந்து டப்பாக்களைத் திறந்து பார்க்கிறார். இந்த நோய் மனிதனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தொடரை மறுபடி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்த சீசனில் எதற்கு அடிமையாக இருந்தார் என்று தன் உடம்பை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்: எடை கூடியிருந்தால் குடி, மெலிந்திருந்தால் மாத்திரை. முழுக்கப் போதையில்லாமல் நடித்தது ஒன்பதாவது சீசனில்தானாம். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, ஆனாலும் நமக்கெல்லாம் தெரியவில்லை. உங்கள் அண்ணன் விஷயம் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருந்திருந்தால் உங்களை நீங்கள் நொந்துகொள்ள ஒன்றுமில்லை. மறைப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

ஜோக் அடித்துவிட்டு எழுந்து போகிறார் என்றீர்களே. 2021இல் பழைய நடிகர்கள் எல்லாரும் மறுபடி கூடிய நிகழ்ச்சியில் பெர்ரி ஒன்று சொன்னார்: பார்வையாளர்கள் சிரிக்காவிட்டால் செத்துவிடுவேன் போலிருக்கும் என்று. பக்கத்தில் இருந்தவர்களே அதுவரை அதை அவர் வாயால் கேட்டதில்லை என்றார்கள்.

மனநலப் பிரிவு செவிலி:

மனநல மருத்துவமனையில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். கெட்டமைன் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் இந்த இரண்டு நோய்களும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டிப்ரஷன் என்றதும் அழுதுகொண்டே மூலையில் உட்கார்ந்திருப்பவரைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். நாங்கள் பார்ப்பதில் பாதிப் பேர் அழுவதே இல்லை. எதிலும் ஆர்வம் வராது, முன்பு பிடித்த பாட்டு இப்போது வெறும் சத்தமாக இருக்கும், தூக்கம் கெடும் அல்லது எந்நேரமும் தூக்கம், சாப்பாடு இறங்காது, சின்ன முடிவு எடுப்பதற்கே மலைப்பு, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம். இப்படிப் பல அறிகுறிகள் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் அதை டிப்ரஷனாகப் பார்ப்பார். உலகத்தில் சுமார் 28 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. பிறரைச் சிரிக்க வைக்கும் திறமை இந்த நோய் வந்தாலும் அப்படியே இருக்கும். கடுமையான டிப்ரஷனில் வார்டில் இருந்தபடியே மற்ற நோயாளிகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உள்ளே இறங்காது.

போதை விஷயத்தில் மூளையில் நடப்பது வேறு. ஒரு பொருள் 'பிடித்திருக்கிறது' என்பதும் அது 'வேண்டும்' என்பதும் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர், மூளையில் இவை இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள் என்று காட்டினார். டோபமைன் என்ற மூளை ரசாயனம் முக்கியமாக 'வேண்டும்' என்பதைத் தூண்டுகிறது. போதைப் பொருளைத் தொடர்ந்து எடுக்க எடுக்கப் 'பிடிப்பது' தேய்ந்துகொண்டே போகும், 'வேண்டும்' மட்டும் பெருகிக்கொண்டே போகும். கரையேறியவன் சொன்ன அந்தக் கையெழுத்து விஷயம் அதுதான். துளிகூடப் பிடிக்காத ஒன்று உயிரே போகிற அளவுக்கு வேண்டியிருக்கிறது.

இப்போது இரண்டையும் சேருங்கள். மனவலி தாங்காமல் ஒருவர் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்வதுபோலப் போதைக்குப் போகிறார் என்று எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் எழுதினார். எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்தாது, ஆனால் நிறையப் பேரிடம் அது உண்மை. சிக்கல் என்னவென்றால் மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். இன்றிரவு தரும் நிம்மதியை நாளைக் காலையில் கந்துவட்டி போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும். டிப்ரஷன் ஆழமாகும், அதனால் இன்னும் குடி, அதனால் இன்னும் டிப்ரஷன். எது முதலில் வந்தது என்று நோயாளிக்கே தெரியாது. குடியை நிறுத்திச் சில வாரங்கள் பார்த்தால் சிலருக்கு மனச்சோர்வு தானாகவே குறைந்துவிடும், சிலருக்கு அப்போதுதான் அது முழு உருவத்தில் வெளியே வரும். அதனால் ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விடுவதில் பயனில்லை, இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் மனசைப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது, எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சரி, கெட்டமைன். அது 1970இலிருந்து அறுவை சிகிச்சைகளில் பயன்படும் மயக்க மருந்து. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் டிப்ரஷன் சில மணி நேரத்திலேயே இலகுவாகிறது என்பதை 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. வழக்கமான மாத்திரைகளுக்குப் பல வாரங்கள் ஆகும் என்பதால் இது பெரிய விஷயம். 2019இல் அதன் உறவுமுறை மருந்தான எஸ்கெட்டமைன் மூக்கு வழி ஸ்பிரேயாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத டிப்ரஷனுக்காக. ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மருத்துவர் முன்னிலையில் எடுத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது.

பெர்ரிக்கு முறையான கெட்டமைன் சிகிச்சை கடைசியாக நடந்தது இறப்பதற்கு ஒன்றரை வாரம் முன்னால் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. கெட்டமைன் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து குறைந்துவிடும். அவர் ரத்தத்தில் இருந்ததோ முழு மயக்கம் கொடுக்கும் அளவு. அதாவது சிகிச்சைக்கு வெளியே, கண்காணிக்க யாரும் இல்லாமல் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் ஐந்து பேர் மீது வழக்குப் போட்டார்கள், அதில் இரண்டு பேர் மருத்துவர்கள், ஒருவர் அவருடைய சொந்த உதவியாளர். ஐந்து பேருமே பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் 'நல்ல மருத்துவர்கள் இருந்தும்' என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியில் எனக்கு மனசு நின்றுவிட்டது. பணமும் புகழும் இருப்பவரைச் சுற்றி, வேண்டாம் என்று சொல்லக் கூடியவர்கள் குறைந்துபோவதை இந்தத் தொழிலில் பார்க்கிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அறிக்கையில் பியூப்ரெனார்ஃபின் என்ற மருந்தின் பெயரும் துணைக் காரணமாக இருக்கிறது. அது ஓபியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்றவை) அடிமைத்தனத்துக்குக் கொடுக்கும் சிகிச்சை மருந்து, முறையாக எடுப்பவர்களிடம் மரணங்களை வெகுவாகக் குறைக்கிறது. இதைப் படிக்கும் யாராவது அதை எடுத்துக்கொண்டிருந்தால் செய்தியைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்திவிட வேண்டாம்.

நேர்ப்பேச்சு:

எல்லாம் படித்தேன், மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் நோய் என்று சொல்லும்போது அந்த மனிதனின் பொறுப்பு எங்கே போகிறது? சர்க்கரை நோய் வந்தவர் வீட்டில் இருக்கும் நகையை எடுத்துக்கொண்டு போவதில்லை. என் அப்பா குடித்தார். அடுத்த நாள் காலையில் அழுவார், சத்தியம் செய்வார், சாயங்காலம் மறுபடியும் குடிப்பார். எங்களுக்கெல்லாம் யாரும் கட்டுரை எழுதவில்லை. பிரபலம் இறந்தால் உலகமே மனநலம் பேசுகிறது, சாதாரண வீட்டில் குடிகாரன் செத்தால் தொலைந்தது என்கிறார்கள். புகழ் இருப்பவருக்கு மட்டும் நோய், இல்லாதவனுக்கு ஒழுக்கக்கேடா? அதுவும் போக, குடித்தவர்கள் எல்லோரும் அடிமையாவதில்லையே. ஒரு கட்டத்தில் தேர்ந்தெடுத்துத்தானே போகிறார்கள்?

கரையேறியவன்:

நேர்ப்பேச்சு, உங்கள் அப்பா உங்களுக்குச் செய்தது அநியாயம்தான். நோய் என்ற சொல் அதை அழித்துவிடாது. குடியில் நான் புண்படுத்தியவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நின்றதும் என் சிகிச்சையின் ஒரு பகுதி. நோய் வந்தது என் குற்றமா என்று கேட்டால் விவாதிக்கலாம், ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு வைத்தியத்துக்குப் போகவேண்டியது என் பொறுப்பு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தேர்வு பற்றி மட்டும் ஒன்று. பெர்ரிக்கு மாத்திரை அறிமுகமானது ஒரு படப்பிடிப்பின்போது ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓட்டும் வண்டி) விபத்தில் அடிபட்ட பிறகு. வலிக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரை அது. அதே மாத்திரையை வாங்கிய எத்தனையோ பேர் வலி போனதும் நிறுத்திவிட்டார்கள். இவரால் முடியவில்லை. முதல் மாத்திரையை விழுங்கும்போது தான் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது.

சாதாரண வீட்டில் செத்தால் தொலைந்தது என்கிறார்கள் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் இந்தப் பேச்சு கிடைத்திருக்க வேண்டும்.

மனநலப் பிரிவு செவிலி:

அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையிலிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய கணிப்பு, மீதி சூழல். சூழல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு லீ ராபின்ஸின் ஆய்வைச் சொல்வார்கள். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாக இருந்த அமெரிக்கச் சிப்பாய்களை ஊர் திரும்பிய பிறகு தொடர்ந்து பார்த்தபோது, முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போர்க்களம் மாறியதும் பெரும்பாலானவர்களால் விட முடிந்தது. அதனால் நேர்ப்பேச்சு கேட்பதில் நியாயம் இருக்கிறது, மனிதர்கள் வெறும் மூளை ரசாயனம் கிடையாது. ஆனால் மாற முடியாத அந்தச் சிலரை வைத்துத்தான் எங்கள் வார்டுகள் நிரம்புகின்றன. பெர்ரியே சுமார் 15 முறை மறுவாழ்வு மையங்களுக்குப் போனவர். விருப்பமே இல்லாதவர் 15 முறை போகமாட்டார்.

சறுக்கல் பற்றியும் ஒன்று. சிகிச்சைக்குப் பிறகு 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடியும் ஒருமுறையாவது எடுக்கிறார்கள், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளிடம் நோய் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவுதான். போதையில் மட்டும் கூடுதல் ஆபத்து: விட்டிருந்த காலத்தில் உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிடும். பழைய அளவை நினைத்து எடுத்தால் அதுவே உயிரைக் குடித்துவிடும். நன்றாக இருந்தாரே, திடீரென்று போய்விட்டாரே என்று சொல்லப்படும் பல சாவுகளுக்குப் பின்னால் இது இருக்கிறது.

ஜன்னலோரம்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தங்கை டிப்ரஷனின் ஆழத்துக்குப் போய்த் திரும்பி வந்தவள், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பெர்ரியின் மரணம் விபத்து என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்தத் திரியைப் படிக்கையில் எனக்கு ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார். 2014 ஆகஸ்ட் 11 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது எல்லோரும் ஒரே நாளில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: டிப்ரஷன், பழைய போதை, பணக்கஷ்டம். உடலைப் பரிசோதித்தபோது மதுவோ சட்டவிரோதப் போதைப் பொருளோ இல்லை. மூளை முழுக்க லூயி பாடி டிமென்ஷியா என்ற, நினைவையும் சிந்தனையையும் சிதைக்கும் நோய் பரவியிருந்தது. உயிரோடு இருந்தபோது பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். கடைசி மாதங்களில் வசனம் மனதில் நிற்காமல், காரணமில்லாத பயத்தில் அவர் எப்படித் தவித்தார் என்று அவருடைய மனைவி 2016இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். படிக்கவே முடியவில்லை. வெளியே இருந்துகொண்டு ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வதில் எனக்கு அன்றிலிருந்து நம்பிக்கை போய்விட்டது.

அந்த நேரத்தில் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி, அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று பொருள்படும் ஒரு பட வசனத்தை ட்விட்டரில் போட்டது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பாசத்தில் போட்டதுதான், ஆனால் தற்கொலைத் தடுப்பில் இருப்பவர்கள் பதறிப்போனார்கள். என் தங்கை அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, 'அப்படின்னா அவருக்கு இப்ப வலி இல்லைல்ல?' என்று கேட்டாள். சாவை விடுதலை என்று அழகாக எழுதும்போது அதே வலியில் இருக்கும் ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அவர் இறந்த பிறகு வந்த சில மாதங்களில் அமெரிக்காவில் தற்கொலைகள் வழக்கத்தைவிடச் சுமார் 10 சதவீதம் கூடியதாகப் பின்னால் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் 1994இல் ராக் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டபோது அவருடைய நகரமான சியாட்டிலில் பயந்த மாதிரி நடக்கவில்லை. உதவி எண்களுக்கு வந்த அழைப்புகள் கூடின, தற்கொலைகள் கூடவில்லை. எங்கே உதவி கிடைக்கும் என்பதை அந்த நகரத்தில் சேர்த்தே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

நிலாமுற்றம், உங்கள் அண்ணனிடம் நேரடியாகக் கேளுங்கள். 'செத்துப்போயிடலாம்னு தோணுதா?' என்று அந்த வார்த்தைகளிலேயே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நானும் நடுங்கினேன். அப்படி ஆவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வருகிறது. என் தங்கை பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள், போர்வை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே இருந்தாள், நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் 'ஆமா' என்றாள். அந்த 'ஆமா'வுக்கு அப்புறம்தான் எல்லாம் நகர ஆரம்பித்தது. ஆமாம் என்று அவர் சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடமோ உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசிவிடுங்கள்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனமில்லை. நேர்ப்பேச்சு, உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது, அண்ணன் மேல். அதை வெளியே சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தேன்.

இந்த வாரக் கடைசியில் அவனிடம் பேசப்போகிறேன். இரண்டு பயம். எனக்கு ஒன்றும் இல்லை போடி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அல்லது ரோஷம் வந்து நாளையிலிருந்தே தொடமாட்டேன் என்று ஒரேயடியாக நிறுத்தினால் நல்லதுதானே?

மனநலப் பிரிவு செவிலி:

இரண்டாவதுக்கு உடனே பதில்: தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் குழப்பமும் பிரமையும் வரும் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலைக்குப் போகலாம், அது உயிரையே எடுக்கும். காலையில் நடுக்கம், வியர்வை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நிறையப் பேருக்கு இப்படி மருந்துகள் இருப்பதே தெரியாது.

கரையேறியவன்:

காலையில், அவர் குடிக்காமல் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். நீ குடிகாரன் என்று ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: போன வாரம் இன்ன நாள் இன்னது நடந்தது, எனக்குப் பயமாக இருந்தது என்று. ஜோக் வரும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் எழுந்து போகவிடாமல் மறுபடி அதே கேள்விக்கு வாருங்கள். ஒன்றும் இல்லை போடி என்றால் சரி, கதவைத் திறந்தே வையுங்கள், ஆனால் அவருக்காகப் பொய் சொல்வதையும் கடனை அடைப்பதையும் நிறுத்துங்கள். என் வீட்டில் எனக்காகப் பொய் சொல்வதை நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, 1951லிருந்து நடக்கின்றன, இணையம் வழியாகவும் உண்டு. இந்த நோயை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நேர்ப்பேச்சு, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அப்பா போன பிறகும் அங்கே வருகிறவர்கள் உண்டு.

அவர் ஒருவேளை சரி என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அந்த 'சரி' ஒரு நாள்கூடத் தாங்காது. மருத்துவரின் எண்ணை முன்னாலேயே எடுத்து வைத்திருங்கள். முதல் சந்திப்புக்குக் கூடவே போங்கள். எவ்வளவு குடிக்கிறார், காலையிலும் உண்டா, தூக்கம் எப்படி, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.